பினாங்கில் முதல் போகம்: நெல்லுக்கு உரம் எப்போது, எவ்வளவு, எந்தத் தண்ணீரில்

தோட்டத்தில் வளர்ந்த நம்மவர்களுக்கு ரப்பரும் செம்பனையும் அத்துப்படி. நெல் அப்படியல்ல. செம்பனைக்கு இந்த மாதம் விட்டுப்போன உரத்தை அடுத்த மாதம் வைத்துச் சரிக்கட்டிவிடலாம். இங்கே போடும் நெல் ரகங்களுக்கு ஆயுசே ஏறக்குறைய 110 நாள். அதற்குள் தூர் கட்ட வேண்டும் (அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைக்க வேண்டும்), கதிர் கட்ட வேண்டும், பால் பிடித்து முற்ற வேண்டும். ஒரு வாரம் தவறினால் அந்த வாரத்துக்கு உரியது போனதுதான்.

செபராங் பிறையில் சுங்கை ஆச்சே பக்கமோ பெனாகா பக்கமோ நாலைந்து ரெலோங் (இங்கே வயலை அளக்கும் கணக்கு) குத்தகைக்கு எடுத்து, முதல் முறையாக நெல் போடப் போகிறவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பாலிக் பூலாவில் போடுகிறவருக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான். புதியவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "ரெலோங்குக்கு எத்தனை மூட்டை?" என்பதைத்தான். அது தேவையான கேள்விதான், ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. அதே மூட்டைகளைப் போட்டு ஒருவர் நன்றாக அறுக்கிறார், பக்கத்து வரப்பில் இன்னொருவர் பதர் தூற்றுகிறார் என்றால், வித்தியாசம் பெரும்பாலும் போட்ட நாளிலும் அன்று வயலில் நின்ற தண்ணீரிலும்தான் இருக்கும்.

முதலில் மண்ணைக் கேளுங்கள்

அறுவடை முடிந்து, எந்த உரமும் போடாத நேரத்தில் மண் எடுக்க வேண்டும். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில், மேலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழம் வரை வெட்டி எடுங்கள். வரப்போரம், வாய்க்கால் வாய், வைக்கோல் எரிந்த இடம் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரு வாளியில் கலந்து, அரைக் கிலோ மட்டும் நிழலில் உலர்த்தி, விவசாய இலாகாவின் வட்டார அலுவலகத்தில் கொடுத்துச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கார அமில அளவு (pH).

நம் கடலோர மண் ஒருகாலத்தில் சதுப்பு நிலமாக இருந்தது. இப்படிப்பட்ட மண்ணில் சில இடங்களில் அடியில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த கனிமம் ஒளிந்திருக்கும். தண்ணீருக்குள் இருக்கும்வரை அது வம்பு செய்யாது. ஆழமாக வடித்துக் காயவிட்டால் காற்றுப் பட்டு அமிலமாக மாறிவிடும். மண்வெட்டியால் அரை மீட்டர் வெட்டிப் பாருங்கள்: வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டுகள் தெரிந்தாலோ, வடிகால் தண்ணீரின் மேல் துருப்பிடித்த செம்படலம் மிதந்தாலோ சந்தேகப்பட வேண்டும். கார அமில அளவு 4-க்குக் கீழே இருக்கும் கடும் அமில மண்ணில் உரம் போடுவது பெரும்பாலும் வீண்செலவு. வேர் கருகிக் கிடக்கும்போது சாப்பாட்டை எடுப்பது யார்? அந்த மாதிரி வயலுக்கு முதலில் வேண்டியது சுண்ணாம்புத் தூள். மக்னீசியம் கலந்ததாகவே இங்கே கிடைக்கும். சோதனை எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு; ஹெக்டருக்கு 2 முதல் 4 டன் வரை போகலாம். விதைப்புக்கு மூன்று வாரத்துக்கு முன்பாவது போட்டு, உழுது கலந்துவிடுங்கள். யூரியாவையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் யூரியாவில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியா வாடையாகக் கிளம்பிப் போய்விடும்.

மூட்டையில் என்ன இருக்கிறது

மூட்டையின் மேல் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து (பாஸ்பரஸ்), மூன்றாவது சாம்பல் சத்து (பொட்டாசியம்). மூன்றும் நூற்றுக்கு எவ்வளவு என்பதே கணக்கு. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து, வேறு எதுவும் கிடையாது. தனி பொட்டாஷில் 60 விழுக்காடு சாம்பல் சத்து. யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. நமக்கு வடக்கே கெடாவில் குருனிலேயே ஆலை இருக்கிறது. பொட்டாஷுக்கு இந்த நாட்டில் சுரங்கமே கிடையாது, ஒவ்வொரு கிலோவும் கப்பலில் வருகிறது. அதனால்தான் வெளிநாட்டில் எங்காவது சண்டை என்றால் இங்கே உரக்கடையில் முதலில் அதன் விலை ஏறுகிறது.

நெல் விவசாயிகளுக்கு அரசாங்கம் உதவித் திட்டத்தில் உரம் தருகிறது. பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருக்கும் அளவு இது: ஹெக்டருக்கு 17.5:15.5:10 கூட்டு உரம் 240 கிலோ, யூரியா 80 கிலோ, இதற்கு மேல் கதிர்ப் பருவத்துக்கு 17:3:25 உரம் 150 கிலோ. வட்டார விவசாயிகள் சங்கத்தில் பதிந்துகொண்டவருக்கே இது கிடைக்கும். குத்தகைக்கு எடுக்கிறீர்கள் என்றால், அந்த நிலத்தின் உர உரிமை யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பேசி முடியுங்கள். நில உரிமையாளர் மூட்டையை வாங்கிக்கொண்டு, பயிர் செய்கிறவர் கடையில் விலைக்கு வாங்கும் கதை நடப்பதுண்டு.

இங்கே பேச்சு எல்லாம் ரெலோங்கில்தான், காகிதம் எல்லாம் ஹெக்டரில்தான். ஒரு ரெலோங் ஏறத்தாழ 0.288 ஹெக்டர். மூன்றரை ரெலோங் ஒரு ஹெக்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. மேலே சொன்ன அளவு ஒரு ரெலோங்குக்கு இப்படி வரும்: கூட்டு உரம் 69 கிலோ, யூரியா 23 கிலோ, 17:3:25 உரம் 43 கிலோ.

இது போதுமா? கூட்டிப் பார்த்தால் ஹெக்டருக்குத் தழைச்சத்து 104 கிலோ, மணிச்சத்து 42, சாம்பல் சத்து 61 அல்லது 62 கிலோ. ஒரு டன் நெல் விளைய, தாளும் மணியுமாகச் சேர்ந்து பயிர் எடுப்பது சுமார் 15 கிலோ தழைச்சத்து, 6 கிலோ மணிச்சத்து, 18 கிலோ சாம்பல் சத்து. ஹெக்டருக்கு 6 டன் எடுக்க நினைத்தால் 90, 36, 108. தழைச்சத்தும் மணிச்சத்தும் ஒப்புக்கு ஈடாகின்றன, வீணாவதைத் தடுத்தால். சாம்பல் சத்தில் மட்டும் பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குப் பெரிய காசு தேவையில்லை.

கையைப் பழக்குங்கள்

23 கிலோ யூரியாவை ஒரு ரெலோங் முழுக்கப் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு வெறும் 8 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி. புதியவர் கை இதை நம்பாது. வரப்பிலிருந்து இறங்கிய இடத்தில் அள்ளி அள்ளி வீசும், வயலின் நடுவில் போகும்போது வாளி காலியாகிவிடும். பத்து நாள் கழித்து வயலைப் பார்த்தாலே தெரியும், கரும்பச்சைப் பட்டையும் வெளிர்மஞ்சள் பட்டையுமாகக் கிடக்கும்.

வரப்பை ஒட்டி வயலுக்குள் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி ஒரு சதுரம் எடுங்கள். 800 கிராம் யூரியாவைச் சமையல் தராசில் நிறுத்து வாளியில் போட்டு, அந்தச் சதுரத்துக்குள் சரியாகத் தீரும்படி வீசிப் பழகுங்கள். பிறகு வயலுக்கு உரியதை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை நீளவாக்கில் நடந்தும் மறு பங்கைக் குறுக்குவாக்கில் நடந்தும் போடுங்கள். முதுகில் மாட்டும் ஊதுவான் எந்திரமானாலும், கூலிக்கு வரும் டிரோனானாலும் இதே ஒழுங்குதான். டிரோன்காரரிடம் "ரெலோங்குக்கு இத்தனை கிலோ" என்று நீங்களே சொல்லுங்கள், அவர் கணக்குக்கு விட்டுவிடாதீர்கள்.

பனி காய்ந்த பிறகு போடுங்கள். ஈர இலையில் யூரியா ஒட்டிக்கொண்டால் நுனி தீய்ந்துவிடும். காற்று எழும் முன் முடித்துவிடுவதும் நல்லது. பினாங்கில் அது காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் கிடைக்கும் சின்ன இடைவெளி.

தண்ணீர்தான் பாதி உரம்

கொஞ்சம் நின்று படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

யூரியா தண்ணீரில் கரைந்து சில நாளில் அம்மோனியமாக மாறும். மண்ணுக்குள் இறங்கினால் களிமண் அதைப் பிடித்துக்கொள்ளும், வேர் எடுத்துக்கொள்ளும். மேலே ஆழமாகத் தண்ணீர் நின்றால், கரைந்தது தண்ணீரிலேயே தங்கிவிடும். பாசி படிந்த வயலில் நடுப்பகல் வெயிலுக்குத் தண்ணீரின் காரத்தன்மை ஏறும், அப்போது அம்மோனியா ஆவியாகக் கிளம்பிவிடும். போட்டதில் பாதிக்குப் பாதி இப்படிப் போகக்கூடும். இன்னொரு வழி அதைவிட மோசம். வயலை வெடிக்கக் காயவிட்டு, மறுபடி தண்ணீர் கட்டினால், காய்ந்த நாட்களில் நைட்ரேட்டாக மாறிய தழைச்சத்து, தண்ணீர் கட்டியதும் காற்றோடு காற்றாகக் கலந்துவிடும். இரண்டையும் கண்ணால் பார்க்க முடியாது என்பதால்தான் "இந்தப் பருவம் உரம் சரியில்லை" என்று மூட்டையின் மேல் பழி போகிறது.

ஆகவே வளரும் பயிருக்கு மேலுரம் போடுவதற்கு முந்திய நாள் தண்ணீரை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு இறக்குங்கள், விரலின் முதல் கணு நனையும் அளவு. நீர் வரும் வாயையும் வடியும் வாயையும் மண் வைத்து அடையுங்கள். வரப்பைச் சுற்றி நடந்து நண்டு வளையை மிதித்து மூடுங்கள். இதை யாரும் செய்வதில்லை, செய்கிறவர் வயல் தனியாகத் தெரியும். பிறகு உரம் வீசுங்கள். மூன்று முதல் ஐந்து நாள் வரை எந்த வாயையும் திறக்காதீர்கள். அதன் பிறகு மெதுவாக ஐந்து சென்டிமீட்டருக்கு ஏற்றலாம்.

மழை பற்றி ஒரு சொல். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை கொட்டும். மெயின் சீசன் எனப்படும் பெரும்போகம் ஆகஸ்டில் தொடங்குவதால் முதல் இரண்டு உரமும் அந்த மழைக்குள்தான் விழுகின்றன. வானிலை அறிக்கையில் அன்று மாலை கனமழை என்றால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். வரப்பு வழிந்தால் உங்கள் உரம் கீழ்வயல்காரருக்கு மொய் எழுதியது மாதிரி. ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைந்து வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வரும் நேரத்தில் கதை தலைகீழ். அப்போது உர நாளை உங்கள் தண்ணீர் முறையைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும், காலண்டரைப் பார்த்து அல்ல.

நான்கு தடவை

நாள் எல்லாம் விதை தெளித்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நாற்று நட்டவர்கள் நாற்றின் வயதையும் சேர்த்து எண்ணிக்கொண்டு, பயிரின் பருவத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

15 முதல் 20-ஆம் நாள்: மூன்றாவது இலை விரிந்ததும் கூட்டு உரம். அதுவரை நாற்று விதைக்குள் இருக்கும் சேமிப்பில்தான் வாழ்கிறது, முன்னதாகப் போட்டால் பாசிக்கும் களைக்கும்தான் விருந்து. களைக்கொல்லி வேலையை இதற்கு முன்னரே முடித்துவிடுங்கள். மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது, வேருக்கும் தூருக்கும் ஆரம்பத்திலேயே வேண்டும். அதனால் அதைப் பிற்பாடு போட்டுப் பலனில்லை.

35 முதல் 40-ஆம் நாள்: தூர் கட்டும் நேரம், யூரியா. பக்கத்து வயலைப் பார்த்து மனம் அலைகிற நாளும் இதுதான். அவர் வயல் கறுத்து நிற்கும், உங்களுடையது சாதாரணப் பச்சையாக இருக்கும். கை தானாக இன்னொரு மூட்டைக்குப் போகும். வேண்டாம். இப்போது அதிகமாகப் போட்டால் தூர் நிறைய வரும், பாதி தூர் கதிர் தராமல் சாகும். இலை நெருங்கினால் புகையான் பூச்சியும் இலையுறைக் கருகல் நோயும் குலைநோயும் சேர்ந்து வரும். கடைசியில் அறுவடைக்கு முன் ஒரு மழைக்கு எல்லாம் சாய்ந்து படுக்கும். கரும்பச்சை வயலைப் புகைப்படம் எடுத்து அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, அறுத்த பிறகு எத்தனை டன்னு சொல்லுங்க."

50 முதல் 55-ஆம் நாள்: கதிர் உருவாகும் நேரம், 17:3:25 உரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. நான்கில் எதையாவது சரியாகச் செய்ய வேண்டுமென்றால் அது இது. ஒரு கதிரில் எத்தனை மணி என்பது இந்த வாரங்களில் தீர்மானமாகிறது. நாளை நம்பாதீர்கள், தண்டைப் பிளந்து பாருங்கள். வயலின் நடுவிலிருந்து நான்கைந்து இடத்தில் தாய்த் தூரை வேரோடு பிடுங்கி, இலையை உரித்து, அடித்தண்டைச் சவர பிளேடால் நெடுக்கே கீறுங்கள். கணுக்களுக்கு மேலே, உச்சியில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு வெள்ளையாக, பஞ்சு நுனிபோல ஒன்று தெரியும். அதுதான் குழந்தைக் கதிர். வெயிலுக்கு நேரே பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தெரிந்த அன்றோ மறுநாளோ உரம் போட வேண்டும். தெரியவில்லையா, மூன்று நாள் கழித்து மறுபடி கீறுங்கள்.

70 முதல் 75-ஆம் நாள்: மீதிப் பங்கு, தேவைப்பட்டால் மட்டும். மேல் இலை நல்ல பச்சையாக இருந்தால் இதை விட்டுவிடலாம். பூ வெளிவந்த பிறகு தழைச்சத்து எதுவும் வேண்டாம்.

இலையைப் படிப்பது

யூரியா வேண்டுமா வேண்டாமா என்பதைக் கண்ணளவில் சொல்வது அனுபவசாலிகளுக்கே தவறும். இலை நிற அட்டை என்று ஒன்று இருக்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய சின்ன பிளாஸ்டிக் பட்டை அது. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட கட்டங்கள் இருக்கும். முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையில் வைத்துப் பாருங்கள். இலையைப் பறிக்க வேண்டாம். சூரியனுக்கு முதுகைக் காட்டி உங்கள் நிழலிலேயே பார்க்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே நேரத்தில். பத்துச் செடியில் ஆறோ அதற்கு மேலோ குறியளவுக்குக் கீழே இருந்தால் தழைச்சத்து தேவை. தெளிப்பு வயலுக்கு 3, நடவு வயலுக்கு 4 என்பது பொதுவான குறியளவு.

மஞ்சள் எல்லாம் பசி அல்ல. கீழ் இலை நுனியிலிருந்து ஒரே சீராக வயல் முழுக்க வெளுத்தால் தழைச்சத்துக் குறை. பழைய இலையின் விளிம்பும் நுனியும் பழுப்பாகக் காய்ந்தால் சாம்பல் சத்து. செடி குட்டையாக, விறைப்பாக, கருமை தட்டி, தூர் கட்டாமல் நின்றால் மணிச்சத்து. இளம் இலை மட்டும் வெளுத்தால் கந்தகக் குறையாக இருக்கலாம். கீழ் இலையில் நுனியிலிருந்து துருப் புள்ளிகள் இறங்கினால் இரும்பு மிகுந்துவிட்டது. உரத்தை நிறுத்தி, தண்ணீரை மாற்றுங்கள். ஆனால் வெடிக்கும்படி காயவிட வேண்டாம், அமில மண்ணில் அது இன்னொரு வினை.

கவனமாக இருக்க வேண்டிய மஞ்சள் இன்னொன்று உண்டு. வயலில் திட்டுத் திட்டாக, செடி குறுகி, இலை ஆரஞ்சு நிறத்துக்குப் போனால் அது துங்ரோ வைரஸ். இங்கே பெஞாக்கிட் மேரா என்றால் எல்லாருக்கும் தெரியும். பச்சைத் தத்துப்பூச்சி பரப்புவது. பசி என்று நினைத்து யூரியா அள்ளிப் போட்டால் பூச்சிக்குத்தான் கொண்டாட்டம். சந்தேகம் வந்த அன்றே விவசாய இலாகாவுக்குச் சொல்லுங்கள், பக்கத்து வயலுக்கும் சொல்லுங்கள்.

மூட்டையை வைக்கிற விதம்

நம் ஊர்க் காற்றில் திறந்த யூரியா இரண்டு நாளில் கசிந்து கட்டியாகிவிடும். சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். திறந்ததைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டுங்கள். யூரியாவையும் வேறு உரத்தையும் கலந்து வைத்துவிட்டு அடுத்த வாரம் போடலாம் என்று நினைக்க வேண்டாம், பிசைந்த மாவாகிவிடும்.

வைக்கோல், அந்தப் பள்ளத்துக்கு

சாம்பல் சத்தில் பள்ளம் இருப்பதாகச் சொன்னேன் அல்லவா. பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி மணிக்குள் போவதில்லை, தாளிலேயே தங்குகிறது. ஆறு டன் விளைந்த ஹெக்டரில் 108 கிலோ எடுத்தது என்றால் அதில் எண்பதுக்கு மேல் வைக்கோலோடு வயலிலேயே கிடக்கிறது. வைக்கோலைக் கட்டி விற்றால் அந்தச் சத்து லாரியில் ஏறிப் போகிறது. எரித்தால் தழைச்சத்தும் கந்தகமும் புகையாகும், சாம்பல் ஒரு மழைக்கு வாய்க்காலில் ஓடும், புகை பக்கத்துத் தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) நுழையும், திறந்தவெளியில் எரித்த குற்றத்துக்கு அபராதமும் வரலாம்.

அறுவடை எந்திரக்காரரிடம் வைக்கோலை ஒரே வரிசையாகக் கொட்டாமல் பரப்பிவிடச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குள் மேலோட்டமாக உழுது ஈரம் காட்டுங்கள். மக்குவதற்கு மூன்று நான்கு வாரமாவது விட்டுப் பிறகு விதையுங்கள். அவசரப்பட்டு உடனே விதைத்தால், மக்கும் வைக்கோல் மண்ணில் உள்ள தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும், நாற்று வெளுத்து நிற்கும். அடுத்த போகத்துக்கு நாள் நெருக்குகிறது, வைக்கோலை வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்றால், அந்தப் போகத்தில் கதிர் உருவாகும் நேரத்து உரத்தோடு ரெலோங்குக்குப் பத்துக் கிலோ தனி பொட்டாஷ் சேர்த்துப் போடுங்கள். வைக்கோல் விற்ற காசிலிருந்தே அதை எடுத்து வைத்துவிடுவது நல்லது.